ஆங்கிலப் பெயரும் வினையும் நம் வழக்கும்

ஆங்கிலம் கற்கப் புகும் நம்மனோரை முதற்கண் அச்சுறுத்துவது அம்மொழியின் எழுத்துக்கூட்டலே என்று பலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் எழுத்துக்கூட்டல் நெட்டுருவினால் ஒருவாறு வசப்பட்டுவிடும். எளிதில் வசப்படாது நின்று, பட்டம் பெற்றவரையும் நாத்தடுமாறச் செய்யும் பகுதி வேறு. ஆங்கிலச் சொல் ஒன்று எப்பொழுது பெயராய் நிற்கின்றது, எப்பொழுது வினையாய் நடக்கின்றது, அவ்வினை எக்காலத்தைக் காட்டுகின்றது, அப்பெயர் எண்ணத்தக்கதா அன்றா என்னும் இவையே அப்பகுதியாம்.

இவற்றை இலக்கண நூல்கள் விதி விதியாக எடுத்தோதும். அவ்விதிகளைத் திரும்ப ஓதுதல் எம் கருத்தன்று. புதுவை நகரின் வடபால் உள்ள கருவடிக்குப்பத்துத் தேநீர்க்கடையிலும், ஆட்டோ நிறுத்தத்திலும், கைப்பேசிக் கடையிலும் நாடோறும் வழங்கும் தமிழில் ஆங்கிலச் சொல் என்ன பாடுபடுகின்றது என்பதும், அவ்வூர்ப் பிள்ளை ஆங்கிலம் எழுத உட்காரும்போது அவனுள் இருக்கும் தமிழ் என்ன வேலை செய்கின்றது என்பதும் ஒருங்கு வைத்துப் பார்க்கத்தக்கன. இவ்விரண்டும் ஒரே இலக்கணத்தின் செயல்கள் என்பதே யாம் இங்கு நிறுவ விரும்புவது.

தமிழில் பெயரும் வினையும் தத்தம் உடையாலேயே வேறுபட்டுத் தோன்றும். உருபு ஏற்பது பெயர். உருபு ஏலாது காலங்காட்டி நிற்பது வினை என்பது தொல்காப்பியனார் வகுத்த எல்லை. 'நட' என்னும் பகுதி 'நடந்தான்' என்றாகின் வினை. 'நடை' என்றாகின் பெயர். சொல்லின் ஈற்றை நோக்கினாற் போதும். 'முருகன் பாம்பை அடித்தான்' எனினும், 'பாம்பை முருகன் அடித்தான்' எனினும், 'அடித்தான் முருகன் பாம்பை' எனினும் அடிபட்டது பாம்பே. சொல் எங்கு நின்றாலும் அதன் இனமும் தொழிலும் மாறா.

ஆங்கிலச் சொல்லோ இத்தகைய உடை மிகுதியும் உடையதன்று. அது நிற்கும் இடமே அதற்கு இனம் தருவது. 'வாட்டர்' என்றால் நீர் என்று சிறுபிள்ளையும் அறியும். 'வாட்டர் தி பிளாண்ட்ஸ்' என்றவுடன் அதே சொல் எழுந்து செடிக்கு நீர் வார்க்கத் தொடங்குகின்றது. 'ஹேண்ட்' என்பது கை. 'ஹேண்ட் மி தி புக்' எனின் அந்நூலை எடுத்துக் கொடு என்பது. அத்தொடரிலுள்ள 'புக்' நூலே; 'புக் எ டிக்கெட்' என்னுமிடத்து அதுவே முன்பதிவு செய்தலாகின்றது. முன்னே 'எ' அல்லது 'தி' அல்லது 'மை' போன்றதொன்று நின்றால் பெயர். 'டு' என்பதாவது செய்வோன் பெயராவது நின்றால் வினை. இவ்வளவே பெரும்பான்மையான அடையாளம். முருகனையும் பாம்பையும் ஆங்கிலத்தில் இடமாற்றி வைத்தாலோ, பாம்பு முருகனை அடித்துவிடும்.

ஆங்கிலம் என்றும் இவ்வாறிருந்ததன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன் அன்பு என்னும் பெயர் அம்மொழியில் 'லுவு' எனவும், அன்பு செய்தல் என்னும் வினை 'லுவியன்' எனவும் வெவ்வேறு ஈறு பெற்று வழங்கின. பிரெஞ்சு பேசிய நார்மானியர் 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றதற்கு முன்னரே இவ்வீறுகள் தேயத் தொடங்கிவிட்டன. பின்வந்த சில நூற்றாண்டுகளில் அவற்றுட் பெரும்பாலன உதிர்ந்துபோயின. இரண்டு சொல்லும் 'லவ்' என்று ஒன்றாயின. உடை கழன்ற பின் இடமே அடையாளமாயிற்று. பெயரை வினையாக ஆளும் உரிமையை ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களிலே தாராளமாகக் கைக்கொண்டார். இன்றும் அவ்வாயில் அடைபடவில்லை. இணையத்தில் தேடித்தரும் நிறுவனமொன்றின் பெயராகிய 'கூகுள்' என்பதை வினையாகவும் கொண்டு 2006-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஏற்றுக்கொண்டது.

இவ்வியல்பு நமக்கு முற்றும் புதியதென்று எண்ணவேண்டா. தமிழிலக்கணத்தில் முதனிலைத் தொழிற்பெயர் என்று ஒன்று படித்திருக்கின்றோம். 'அடி', 'உதை', 'வெட்டு', 'குத்து', 'இடி' என்பன விகுதி யாதும் பெறாமலே பெயராய் நிற்பன. 'ஓர் உதை விட்டான்' என்பதில் 'உதை' பெயர்; 'பந்தை உதை' என்பதில் அதுவே ஏவல் வினை. தமிழில் சிறுபான்மையாய் உள்ளது ஆங்கிலத்தில் பெரும்பான்மையாயிற்று என்று கொண்டால் பாதி அச்சம் தீரும். முதனிலை திரிந்த தொழிற்பெயர்க்கும் அங்கு இணையுண்டு. 'கெடு' என்பது 'கேடு' ஆவதும், 'சுடு' என்பது 'சூடு' ஆவதும் போல, 'ப்ரூவ்' என்னும் வினை 'ப்ரூப்' என்னும் பெயராகின்றது. 'ரெக்கார்ட்' என்பதில் முதலசையை அழுத்திச் சொன்னால் பெயர். இரண்டாமசையை அழுத்தினால் வினை. 'யூஸ்' என்னும் சொல்லின் இறுதி, பெயராயின் பாம்பின் சீறல் போலவும், வினையாயின் வண்டின் முரல்வு போலவும் ஒலிக்கும். இவ்விரண்டொலிக்கும் நம் எழுத்தில் ஒரே ஸகரந்தான் உண்டு; ஆகலின், தமிழெழுத்தில் குறித்துவைத்து ஆங்கிலம் பழகுவோர் இவ்வேறுபாட்டைக் கேளாமலே கடந்துவிடுகின்றனர். 'அட்வைஸ்' என்பதன் பெயர் வடிவையும் வினை வடிவையும் எழுத்துக்கூட்டுவதில் பலரும் மயங்குதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்க. ஆங்கில வினை தமிழுக்குள் வரும்போது என்ன நேர்கின்றது என்று காண்போம்.

'வெயிட் பண்ணு', 'போன் பண்ணினான்', 'ரீசார்ஜ் பண்ணிவிட்டேன்', 'கேன்சல் பண்ணுவார்கள்' என்று எங்கும் கேட்கின்றோம். 'வெயிட்டினான்', 'கேன்சலுவார்கள்' என்று யாரேனும் பேசக் கேட்டதுண்டோ? இல்லை. அங்கு வினையாயிருந்த சொல்லுக்கும் தமிழ் தன் கால இடைநிலையையும் விகுதியையும் தருவதில்லை. வாயிலிலேயே அதனைப் பெயராக்கி உட்காரவைத்து, காலமும் இடமும் பாலும் காட்டும் வேலையைப் 'பண்ணு' என்னும் தன் வினையிடமே ஒப்புவிக்கின்றது. விருந்தினரைச் சமையலறைக்குள் விடாத மாமியார் போல என்று சொல்லலாம்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. 'ஸ்டார்ட்' என்னும் ஆங்கில வினை, வண்டி தானே கிளம்புதற்கும், ஒருவன் அதனைக் கிளப்புதற்கும் ஒரே வடிவில் வழங்குவது. தமிழோ 'ஓடு–ஓட்டு', 'திருந்து–திருத்து', 'ஆடு–ஆட்டு' எனத் தன்வினை பிறவினைகளைப் பிரித்தல்லது அமைதி கொள்ளாத மொழி. ஆகவே ஆட்டோ நிறுத்தத்தில், 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்று ஒருவர் கூற, 'தள்ளி ஸ்டார்ட் பண்ணு' என்று மற்றவர் விடையிறுக்கின்றார். ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை 'ஆகு', 'பண்ணு' என்னும் இரு வினைகளைக் கொண்டு நம்மவர் நிறுவிவிட்டனர். இலக்கண நூலைக் கையாலும் தொடாதவர் செய்யும் வேலை இது! மாணாக்கர் பேச்சில் இதற்கோர் இனிய உதாரணம் உண்டு. தேறியவன் 'பாஸ் பண்ணினேன்' என்பான். தேறாதவன் 'பெயில் ஆகிவிட்டேன்' என்பான். சிலர் 'பெயில் ஆக்கிவிட்டார்கள்' என்றும் கூறுவர். வெற்றி தன் செயல்; தோல்வி தானே நேர்ந்தது, அல்லது பிறர் செயல்! மனித மனத்தின் கணக்கை இவ்வளவு சுருக்கமாய்ப் பதிந்துவைக்கும் வாய்ப்பு ஆங்கில வினைக்கே கிட்டவில்லை.

ஒரே சொல் எத்துணை வேடம் புனைகின்றது என்பதற்குச் 'சார்ஜ்' என்பதைப் பார்க்கலாம். கைப்பேசிக்குச் சார்ஜ் போடுகின்றோம்; அது ஏறுகின்றது; மாலையில் இறங்கிவிடுகின்றது. பேருந்தில் சார்ஜ் கூடிவிட்டதென்று முணுமுணுக்கின்றோம். புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கின்றார். கூட்டத்தில் லத்தி சார்ஜ் நடக்கின்றது. இத்தனை இடத்தும் சார்ஜ் அசையாது பெயராய் இருக்கின்றது. போடு, ஏறு, இறங்கு, கூடு, எடு, நட என்னும் தமிழ் வினைகளே பொருளைப் பிரித்துக்கொடுக்கின்றன. இவ்வாறே ஹாரன் அடிக்கின்றோம், பிரேக் போடுகின்றோம், டிக்கெட் எடுக்கின்றோம், லீவு போடுகின்றோம், காப்பி அடிக்கின்றோம். 'பண்ணு' ஒன்றே நம்மிடம் உண்டென்று குறைகூறுவோர் இவற்றை எண்ணிப் பார்ப்பாராக.

இம்முறை ஆங்கிலத்தோடு தோன்றியதும் அன்று. 'வசூல் செய்', 'ரத்து செய்', 'தயார் செய்', 'ராஜினாமா செய்' என்று அரபும் பாரசீகமும் உருதுவின் வழியாக இவ்வாயிலிலேயே புகுந்தன. போர்த்துக்கேசியர் விட்டுச்சென்ற அலமாரி, சாவி, ஜன்னல் முதலியன எல்லாம் பெயர்களே. வடமொழிக்கு மட்டும் தமிழ் மற்றொரு வாயிலையும் திறந்துவைத்தது. 'யோசனை செய்' என்பதோடு 'யோசி' என்றும், 'தியானம் செய்' என்பதோடு 'தியானி' என்றும் வினையாகவே ஏற்றது. நெடுநாட் பழக்கத்தின் பயன் போலும்.

நம் புதுவையில் 1674 முதல், இடையிடையே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்டனர். அவர் மொழியினின்று பேச்சில் தங்கியவை எவை? பிரெஞ்சுப் படையிற் பணிசெய்து ஓய்வுபெற்றவர் 'சொல்தா', ஆவணம் எழுதுபவர் 'நொத்தேர்', நகர மன்றம் 'மேரி', பள்ளி 'லிசே', ஐயா என்று விளிக்க 'முசியே'. அனைத்தும் பெயர். தமிழ் ஆங்கிலத்திற்குக் கொடுத்ததும் அவ்வாறே: கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறிப் பெயர்களாகவே அமர்ந்துள்ளன. பொருளொடு பெயர் எளிதிற் கடல் கடக்கும்; வினையோ தன் மொழியின் இடைநிலைகளோடும் விகுதிகளோடும் பின்னிக் கிடத்தலின் எளிதிற் பெயராது.

இவ்வாறு கூறுதலால், 'பண்ணு' வழக்கு முழுவதையும் யாம் போற்றுகின்றோம் என்று கருதவேண்டா. தமிழ் கெட்டது என்று அலறுவோரும், மொழி வளர்கின்றது என்று மகிழ்வோரும் இருவருமே உற்று நோக்காத இழப்பு ஒன்றுண்டு. 'ரீசார்ஜ் பண்ணு' என்பது புதிய பொருளோடு வந்த புதிய சொல். அதனால் யாதும் இழந்திலோம். 'குக் பண்ணு' என்பது அத்தகையதன்று. 'சமை' என்னும் பகுதி சமையல், சமைத்த சோறு, சமையலறை, சமைப்பவர் என்று குடும்பத்தோடு வாழ்வது. 'குக் பண்ணு' நம் மொழியில் அவ்வாறு கிளைப்பதில்லை. அன்றியும், 'கட் பண்ணு' என்னும் ஒன்று புகுந்த இடத்தில், காயை நறுக்குதலும், கீரையை அரிதலும், கதிரை அறுத்தலும், மரத்தை வெட்டுதலும், துணியைக் கத்தரித்தலும், மலரைக் கொய்தலும் ஒன்றன்பின் ஒன்றாய் ஓய்வு பெறுகின்றன. 'வாஷ் பண்ணு' என்பது துணி துவைத்தலையும், பாத்திரம் கழுவுதலையும், கால் அலம்புதலையும் ஒரே தொட்டியில் போட்டுவிடுகின்றது. கெட்டது இலக்கணமன்று, அது உறுதியாகவே இருக்கின்றது. குறைந்துவருவது வினைகளின் தொகை. எந்தப் 'பண்ணு' புதியதைக் கொணர்ந்தது, எது பழையதைத் துரத்திற்று என்று சொல் சொல்லாகப் பார்த்துத் தேர்வதே தக்கது. ஒட்டுமொத்தமாய் விலக்கலும் கொள்ளலும் சோம்பலின் செயல்.

இடையே ஒன்று கூறுவோம். 'பண்ணு' என்பது தமிழின் வறுமை என்று நகைக்கும் ஆங்கிலப் பித்தர், ஆங்கிலேயர் குளிக்கும் முறையைக் காண்பாராக. அவர் 'ஹேவ் எ பாத்' என்பர், குளியலை வைத்துக்கொள்வர். 'டேக் எ வாக்' என்று நடையை எடுப்பர். 'மேக் எ டிசிஷன்' என்று முடிவைச் செய்வர். வினையைப் பெயராக்கி, அதனைத் தூக்கிச் செல்ல எளிய வினை ஒன்றை அமர்த்தும் இவ்வழக்கம் 'பண்ணு' என்பதன் உடன்பிறப்பே. நம்மவர் இதனை ஆங்கிலத்தில் ஆளும்போது பெரும்பாலும் அந்த 'எ' என்பதை விழுங்கிவிட்டு 'டேக் பாத்' என்பர். 'காப்பி அடி' என்பதில் நடுவே ஒன்றும் வேண்டாமை போல இங்கும் வேண்டாவென்று தமிழ்ச்செவி கருதிவிடுகின்றது.

இனி, மறுகரையினின்று நோக்குவோம். கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சுவாமிகள் கோயில் உள்ள அவ்வூரிலேயே, குயில்தோப்பு என்று வழங்கும் இடம் ஒன்றுண்டு. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் குயில் பாட்டுக்கு நிலைக்களமாயது அங்கிருந்த மாஞ்சோலையே என்பர். வெளிநாட்டார் ஒருவர் அதனைக் காண வருகின்றார் என்றும், ஊர்ப் பிள்ளை ஒருவன் அவர்க்கு ஆங்கிலத்தில் விளக்குகின்றான் என்றும் வைத்துக்கொள்வோம். 'பாரதியார் இந்தத் தோப்புக்கு வருவார்' என்று அவன் மனத்தில் தமிழ் ஓடுகின்றது. 'பாரதி வில் கம் டு திஸ் குரோவ்' என்று வாய் கூறுகின்றது. வந்தவர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பார். 1921-இல் மறைந்த கவி இனி வரப்போகின்றார் என்றல்லவோ அதற்குப் பொருள்!

அப்பிள்ளை அறியாமையினால் அவ்வாறு சொல்லினானா? அன்று. 'வருவார்' என்னும் வடிவம் தமிழில் எதிர்காலம் ஒன்றையே காட்டுவதன்று. வழக்கமாய் நிகழ்வதையும் அதுவே காட்டும். 'நாளைக்கு வருவார்', 'நாள்தோறும் வருவார்', 'அக்காலத்தில் அடிக்கடி வருவார்' ஆகிய மூன்றும் பிழையில்லாத தமிழ். ஆங்கிலம் இம்மூன்றையும் மூன்று வடிவிற் பிரிக்கும். நாளை வருவதற்கு 'வில் கம்'. நாள்தோறும் வருவதற்கு 'கம்ஸ்'. அக்காலத்து வழக்கிற்கு 'யூஸ்ட் டு கம்' அல்லது 'வுட் கம்'. 'மை பாதர் வில் கோ டு மார்க்கெட் டெய்லி' என்று தமிழ்ப் பிள்ளைகள் எழுதுதற்கும் காரணம் இதுவே. ஈண்டு வியக்கத்தக்கது, 'வுட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால வடிவே என்பது. ஆங்கிலமும் எதிர்காலச் சொல்லைக் கொண்டுதான் பழைய வழக்கத்தைக் கூறுகின்றது. குயில்தோப்பில் நின்ற பிள்ளைக்கு அவ்வூர் ஆங்கிலத்தில் வேண்டியிருந்த திருத்தம் ஒரு சொல் அளவே: 'வில்' என்பதை 'வுட்' என்று மாற்றிவிட்டால், 'பாரதி வுட் கம் டு திஸ் குரோவ்' என்னும் நல்ல ஆங்கிலம் கிடைத்துவிடும்.

இதனை யாம் விரித்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் வழியிற் பயின்று கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவன் ஒருவன் 'வில் கோ டெய்லி' என்று சொல்லுகையில், பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகின்றது. அச்சிரிப்பிற்கு அஞ்சி மூன்றாண்டும் வாய் திறவாது கழித்துப் பட்டம் பெற்றுச் செல்வோர் எத்துணையர் என்பதை ஆசிரியன்மார் அறிவர். வேலைக்கு நேர்முகம் காணச் செல்லுமிடத்தும் அந்த மௌனம் உடன் செல்கின்றது. சிரித்தவன், தான் சிறுவயதிற் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தினால் சரியாகச் சொல்லுகின்றானேயன்றி, ஏன் சரி என்று கேட்டால் விடை கூறமாட்டான். பிழைத்தவனோ ஒரு விதியைத் தவறாது கைக்கொண்டவன். விதி பிறமொழியினது என்பது மட்டுமே குறை. 'உன் தமிழில் ஒரு வடிவம் செய்யும் மூன்று வேலையை ஆங்கிலம் மூன்று பேர்க்குப் பங்கிட்டிருக்கின்றது' என்று ஆசிரியர் ஒருகாற் சொல்லிக்காட்டின், அப்பிழை மறுபடி எழுதப்படினும் அவனே கண்டு திருத்திக்கொள்வான். 'தப்பு' என்று சிவப்பு மையால் நூறு முறை சுழித்தாலும் இது கைகூடுவதில்லை.

எல்லாப் பிழையையும் தாய்மொழி தலையில் ஏற்றுதலும் நேர்மையன்று. 'ஐ ஆம் நோயிங்' என்பதைத் தமிழின் குற்றம் என்பர் சிலர். தமிழில் 'எனக்குத் தெரியும்' என்கின்றோமேயன்றித் 'தெரிந்துகொண்டிருக்கின்றேன்' என்று அப்பொருளிற் கூறுவதில்லை. 'இங்' என்பதைப் புதிதாய்க் கற்ற உற்சாகத்தில் எல்லா வினைக்கும் அதனை ஒட்டுவதால் வரும் பிழை அது. அறிதல், நம்புதல், விரும்புதல் முதலியன ஒரு கணம் நடந்து முடியும் தொழிலல்ல, நிலை. நிலையைக் குறிக்கும் வினைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் அவ்வொட்டைத் தருவதில்லை. 'ஐ ஆம் ஹேவிங் டூ சைக்கிள்ஸ்' என்பதோ தமிழினின்றே வருவது. 'இரண்டு சைக்கிள் வைத்திருக்கின்றேன்' என்பதன் நிழல் அதில் தெரிகின்றது. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கமுடியாது.

பெயர்களின் எண்ணிக்கையிலும் இவ்வாறே. தமிழில் அஃறிணைப் பெயர்க்குக் 'கள்' விகுதி கட்டாயமன்று. 'பத்து மாடு மேய்கிறது' என்றால் யாரும் குறைகூறார். பத்து என்று சொன்ன பின் மீண்டும் பன்மை எதற்கு என்பது நம் சிக்கனம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணமும் இதற்கு இடந்தந்துள்ளது. ஆங்கிலமோ பத்து என்று சொன்ன பின்னும் 'ஸ்' என்று முத்திரை குத்தாது விடாது. ஆகவே விரைவிற் பேசுகையில் 'டென் கவ்' என்று வந்துவிடுகின்றது. இதற்கு நேர்மாறான பிழையும் நம்மிடம் உண்டு. 'இன்பர்மேஷன்', 'அட்வைஸ்', 'பர்னிச்சர்', 'லக்கேஜ்', 'ஹோம்வொர்க்' என்பனவற்றை ஆங்கிலேயர் எண்ணுவதில்லை. நெல்லையும் நீரையும் நாம் கொள்வது போல் அவற்றைக் குவியலாகக் கொள்வர். ஒன்று வேண்டுமாயின் 'எ பீஸ் ஆப் அட்வைஸ்' என்று கிள்ளியெடுப்பர். நமக்குத் தகவல்கள், அறிவுரைகள், மூட்டைகள் யாவும் தனித்தனியே எண்ணத்தக்கன. அதனால் 'இன்பர்மேஷன்ஸ்' என்று எழுதிவிடுகின்றோம். எது எண்ணப்படும், எது குவியலாகும் என்பது பொருளின் இயல்பன்று, மொழியின் முடிவு. பிரெஞ்சு பயின்ற புதுவையார்க்கு இதனை எளிதிற் காட்டலாம்: அம்மொழியில் இவற்றைப் போன்ற சொற்கள் சில தயக்கமின்றிப் பன்மை ஏற்கின்றன.

வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் முற்றும் மாறிவிடும் வழக்கு ஆங்கிலத்திற் பெரிதும் அச்சம் விளைப்பது. 'கிவ்' கொடுத்தல், 'கிவ் அப்' கைவிடுதல், 'கிவ் இன்' பணிதல். 'லுக்' பார்த்தல், 'லுக் ஆப்டர்' பேணுதல். பகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் பொருள் கிட்டாது. ஆனால் இவ்வகை விந்தை நம் வீட்டிலும் உண்டே! 'கொடு' என்பதனோடு 'சொல்லி' சேர்ந்து 'சொல்லிக்கொடு' என்றாகின் கற்பித்தல். 'விட்டுக்கொடு' எனின் இணங்கிப் போதல். 'காட்டிக்கொடு' எனின் துரோகம். 'பார்த்துக்கொள்' என்பது ஏறக்குறைய 'லுக் ஆப்டர்' என்பதே. தமிழ் கற்கும் வெள்ளையர் 'காட்டிக்கொடு' என்பதைக் கேட்டு, காட்டுதலும் கொடுத்தலும் நற்செயல்களாயிருக்க, இரண்டும் கூடினால் வஞ்சகமாவது எங்ஙனம் என்று திகைப்பர். நாம் 'புட் அப் வித்' என்பதைக் கண்டு திகைப்பதும் அவ்வளவே. இவற்றிற்கு விதி தேடுதல் வீண். குழந்தை கற்பது போலத் தொடராகவே கேட்டுப் பழகுவதன்றி வேறு வழியில்லை.

பெயரும் பெயரும் அடுக்கி வருமிடத்தில் மட்டும் ஆங்கிலம் நமக்கு அயல்வீடாகவே இருக்கின்றது. 'மாங்கோ ஜூஸ்' என்பது 'மாம்பழச் சாறு'. 'மில்க் ஷாப்' என்பது 'பால் கடை'. அடைமொழி முன்னும் தலைமைச்சொல் பின்னும் நிற்றல் இரண்டற்கும் பொது. நம் வினைத்தொகை போன்றதும் அங்கு உண்டு: 'சுடுசோறு', 'குடிநீர்' என்பனவற்றில் காலம் கரந்து வினைப்பகுதி பெயரோடு ஒட்டியிருத்தல் போல, 'பிளேகிரவுண்ட்', 'ரன்வே' என்பனவற்றில் 'பிளே'யும் 'ரன்'னும் ஒட்டியிருக்கின்றன. 'பஸ் ஸ்டாண்ட்', 'டிக்கெட் கவுண்டர்', 'ரேஷன் கார்டு' முதலிய தொகைகள் நம் பேச்சில் இத்துணை எளிதாய்க் கலந்துவிட்டதற்கு இவ்வொற்றுமை ஒரு காரணமாதல் கூடும். பிரெஞ்சுக்காரர் முறை இதற்குத் தலைகீழ். சாறு முன்னும் மாம்பழம் பின்னும் வரும். கடற்கரையை அடுத்த பழைய பிரெஞ்சுப் பகுதியில், பிரெஞ்சும் தமிழும் எழுதிய நீலநிறத் தெருப்பலகைகளை மாணவர் நின்று நோக்குவாராக. பிரெஞ்சு வரியில் 'ரூ' என்னும் சொல் முதலில் நின்று பெயர் அதனைப் பின்தொடரும். தமிழ் வரியில் பெயர் முன்சென்று 'வீதி' பின்வரும். அங்கிருந்து சிறிது தூரம் மேற்கே நடந்து, கால்வாயைத் தாண்டி, நம்மவர் வாயில் 'மிஷன் ஸ்ட்ரீட்' என்றும் 'மிஷன் வீதி' என்றும் வழங்கும் தெருவை அடைந்தால், ஆங்கிலமும் தமிழும் ஒரே வரிசையில் நடப்பதைக் கேட்கலாம்.